காணிக்கு எத்தனை மூட்டை?

புதுச்சேரி நகரைத் தாண்டிப் பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ போனால், நடவு முடிந்த இரண்டு வாரத்தில் வரப்புகளில் ஒரே பேச்சுதான்: காணிக்கு எத்தனை மூட்டை யூரியா போடுவது? இங்கே நிலத்தை இன்னும் காணியிலும் குழியிலும் பேசுகிறார்கள். நூறு குழி ஒரு காணி. அது சுமார் 53.5 ஆர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். அந்தக் காணியில் எத்தனை மூட்டை விழவேண்டும் என்பதை முடிவு செய்வது எது? பயிரின் பசியா, மண்ணின் குணமா, டில்லியில் தீர்மானிக்கப்படும் மானியமா?

இந்தக் கேள்விக்குப் பழகிப்போன பதில்கள் இரண்டு உண்டு. மானியம்தான் விவசாயியை அளவுக்கு மீறி உரம் கொட்டவைத்து மண்ணைக் கெடுத்தது என்பது ஒன்று. மானியம் இல்லாவிட்டால் சிறு விவசாயி உரத்தைத் தொடவே முடியாது, விளைச்சல் விழுந்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவதைப் பெரும்பாலும் பொருளாதார அறிஞர்களும் இரண்டாவதை விவசாயச் சங்கங்களும் சொல்கிறார்கள். இரண்டையும் சான்றுகளோடு உரசிப் பார்க்கவேண்டிய நேரம் இது. 2022-23 நிதியாண்டில் மத்திய அரசின் உர மானியச் செலவு இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அந்தப் பணம் வயலில் என்ன செய்கிறது என்று தெரியாமலே அதை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் நியாயமில்லை.

விலையிலிருந்து தொடங்குவோம். 45 கிலோ யூரியா மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. யூரியாவின் அடிப்படை விலை டன்னுக்கு 5,360 ரூபாய் என்று 2012 நவம்பரில் நிலைநிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு மூட்டைதான் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகச் சுருங்கியது, விலை அசையவில்லை. டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். பொட்டாஷ் அண்மை ஆண்டுகளில் 1,500-க்கும் 1,800-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது.

மூட்டை விலையை விட்டுவிட்டுச் சத்தின் விலையைப் பார்த்தால் படம் தெளிவாகும். யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஒரு மூட்டையில் 20.7 கிலோ. ஆக ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 13 ரூபாய்க்கும் குறைவு. டிஏபி மூட்டையில் உள்ள 9 கிலோ தழைச்சத்துக்கு அதே விலையைக் கழித்துவிட்டால், மீதி 23 கிலோ மணிச்சத்து கிலோ 53 ரூபாய்க்கு மேல் விழுகிறது. பொட்டாஷில் சாம்பல்சத்து கிலோ 50 முதல் 60 ரூபாய். பயிருக்கு மூன்றும் வேண்டும். ஆனால் கடைக்காரர் முன் நிற்கும் விவசாயிக்கு ஒன்று மற்ற இரண்டையும்விட நான்கு மடங்கு மலிவாகக் கிடைக்கிறது.

இனி நெல் விலையோடு வைத்துப் பார்ப்போம். 2010-இல் சாதாரண நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 1,000 ரூபாய்; யூரியா டன் 5,310 ரூபாய். அன்று ஒரு கிலோ தழைச்சத்து வாங்க 1.15 கிலோ நெல் விற்கவேண்டும். 2025-26-இல் ஆதரவு விலை 2,369 ரூபாய். இன்று அதே ஒரு கிலோ தழைச்சத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நெல் போதும். யூரியா விலையை யாரும் குறைக்கவில்லை; மற்றவையெல்லாம் ஏறியபோது அது அங்கேயே நின்றதால், பதினைந்து ஆண்டுகளில் அதன் உண்மை விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. மானியம் என்றதும் அரசு கொடுக்கும் தொகையைத்தான் நினைக்கிறோம். வயலில் வேலை செய்வது இந்த நகராத விலைதான்.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரைகளில் ஒன்று, நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் முறையே 150, 50, 50 கிலோ. காணிக்கு மாற்றினால் டிஏபி ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் மேல், பொட்டாஷ் ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு, யூரியா ஏறக்குறைய மூன்றரை மூட்டை. செலவு டிஏபிக்கு 1,500 ரூபாய்க்கு மேல், பொட்டாஷுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு, மூன்றரை மூட்டை யூரியாவுக்கோ 900 ரூபாய்தான். கையில் காசு குறைவாக இருக்கிற பருவத்தில் எதை வெட்டுவார்? பொட்டாஷைத்தான். பயிர் வெளிறிக் கிடந்தால் எதைக் கூட்டுவார்? யூரியாவைத்தான்.

கூட்டுவதில் தவறு காணவும் முடியாது. கூடுதலாக ஒரு மூட்டை யூரியா போட அவருக்கு ஆகும் 266 ரூபாய், ஆதரவு விலைக் கணக்கில் பதினோரு கிலோ நெல்லுக்குச் சமம். வியாபாரி கிலோவுக்கு 18 ரூபாய்தான் கொடுத்தாலும் பதினைந்து கிலோ. காணி முழுவதும் சேர்த்துப் பதினைந்து கிலோ நெல் கூடுதலாக வந்தால் போட்ட காசு வந்துவிட்டது. அந்தக் கூடுதல் மூட்டை புகையானை வரவழைக்கலாம், குலைநோய்க்கு வழிவிடலாம், பொன்னி நெல்லைக் கதிர் முற்றும் நேரத்தில் சாய்த்துவிடலாம். அந்த நட்டம் வரலாம், வராமலும் போகலாம். பச்சை மட்டும் நான்கே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்த விலைகளை முன்னால் வைத்துக்கொண்டு விவசாயிக்கு அறிவில்லை, விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தனக்குக் காட்டப்பட்ட விலைக்கு அவர் சரியான கணக்குதான் போடுகிறார்.

இதற்கு எதிரான சான்றும் வலுவானதே. அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் விஜய் பால் சர்மாவும் ஹ்ரிமா தாக்கரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் உரத் தேவையைத் தீர்மானிப்பதில் பாசனம், வீரிய ரகங்கள் போன்றவை உர விலையைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன என்று காட்டியது. இலங்கை நெல் சாகுபடியைப் பற்றி அந்நாட்டு மத்திய வங்கிக்காக ஏக்கநாயக்க 2006-இல் எழுதிய கட்டுரையும் அதே திசையில் போகிறது: உர விலையைவிட நெல் விலையே உர உபயோகத்தை அதிகம் அசைக்கிறது. தண்ணீர் உறுதியாகக் கிடைக்கிற வயலில், உரத்துக்கு இளகும் ரகம் நட்டவர், விலை கொஞ்சம் ஏறினாலும் உரத்தை நிறுத்தமாட்டார் என்பது இவற்றின் சாரம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்துவிட்ட ஆண்டுக்கும் வராத ஆண்டுக்கும் உரக்கடை வியாபாரத்தில் உள்ள வேறுபாட்டை இந்தப் பகுதியில் யாரும் சொல்வார்கள்.

ஆனாலும் இந்த ஆய்வு முறையில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. விலை அசையாமல் கிடக்கும் ஒரு பொருளின் விலைத் தாக்கத்தை எப்படி அளப்பது? 2003-இல் டன் 4,830 ரூபாயாக இருந்த யூரியா ஒன்பது ஆண்டுகளில் 5,360 ஆனது. பிறகு அதுவும் இல்லை. ஏற்ற இறக்கமே இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு, விலை பெரிய காரணம் இல்லை என்ற முடிவுக்கு வருவது எளிது. விலை உண்மையிலேயே பெரிதாக மாறிய ஆண்டுகளைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டும். அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது.

முதல் முறை 1992 ஆகஸ்ட். மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் தங்கியது. ஒரே ஆண்டில் நாட்டின் மணிச்சத்து நுகர்வு 33 லட்சம் டன்னிலிருந்து 28 லட்சமாகவும், சாம்பல்சத்து 13.6 லட்சத்திலிருந்து 8.8 லட்சமாகவும் இறங்கின. தழைச்சத்து 80 லட்சத்திலிருந்து 84 லட்சமாக ஏறியது. முந்தைய ஆண்டில் 5.9:2.4:1 ஆக இருந்த தழை, மணி, சாம்பல் விகிதம் 9.5:3.2:1 ஆனது.

இரண்டாவது முறை 2010 ஏப்ரல். சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தது. பெயரும் நோக்கமும் சரியானவைதான்: ஒவ்வொரு சத்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று மானியம் தருவது, விலையைச் சந்தைக்கு விடுவது. ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் விற்கும் யூரியாவைத் திட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் பொட்டாஷ் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. 2009-10-இல் 36 லட்சம் டன்னாக இருந்த சாம்பல்சத்து நுகர்வு 2012-13-இல் 20 லட்சத்துச் சொச்சமாகச் சரிந்தது. தழைச்சத்து 156 லட்சத்திலிருந்து 168 லட்சமாகக் கூடியது. 4.3:2:1 என்று ஓரளவு சீராகிக்கொண்டிருந்த விகிதம் 8.2:3.2:1 ஆகக் கோணியது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆய்வாளர்கள் சொன்னதும் பொய்யாகவில்லை, விலை பொருட்டில்லை என்ற முடிவும் நிற்கவில்லை. விவசாயி உரம் போடுவதை நிறுத்தவில்லை. விலையேறிய உரத்திலிருந்து மலிவான உரத்துக்கு நகர்ந்தார். ஆகவே நான் இப்படிச் சொல்லுவேன்: காணியில் உரம் போடுவதா வேண்டாமா என்பதைத் தண்ணீரும் ரகமும் தீர்மானிக்கின்றன, எந்த உரம் என்பதை மானியத்தின் சாய்வு தீர்மானிக்கிறது. பிறகு, உண்மை விலை ஆண்டுக்கு ஆண்டு கரையக் கரைய, யூரியாவின் அளவும் ஏறுகிறது. 2009-10-இல் 267 லட்சம் டன் விற்ற யூரியா 2023-24-இல் 357 லட்சம் டன் விற்றது. அந்த ஏற்றம் முழுவதையும் மானியத்தின் தலையில் கட்டமுடியாது. மக்காச்சோளப் பரப்பு கூடியதற்கும் பாசனம் விரிந்ததற்கும் அதில் பங்குண்டு.

விகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 4:2:1 தான் சரியான விகிதம் என்பதை வேதவாக்கு போல எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அது எல்லா மண்ணுக்கும் எல்லாப் பயிருக்கும் பொருந்தும் என்று எந்தச் சோதனையும் நிறுவவில்லை. ரமேஷ் சந்தும் பவித்ராவும் 2015-இல் மாநிலவாரியாகக் கணக்கிட்டுக் காட்டியபடி, தேவையான விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில மாநிலங்களில் தழைச்சத்தே தேவைக்குக் குறைவாகப் போகிறது. பாகூர்க் களிமண்ணும் கடலோரத்து மணலும் ஒரே விகிதத்தைக் கேட்கவில்லை. எனவே நாட்டு விகிதம் கோணிவிட்டது என்பதைக் கொண்டு ஒரு காணியின் நிலைமையைத் தீர்ப்பிட முடியாது. விலை மாறிய அதே ஆண்டில் விகிதமும் பாய்ந்தது என்பதுதான் சான்று. எந்த எண்ணைத் தொட்டது என்பது இரண்டாம்பட்சம்.

புதுச்சேரிக்கே உரிய ஓர் எண் சிக்கலும் இருக்கிறது. ஹெக்டேருக்கு எவ்வளவு உரம் என்ற மத்திய அரசின் அட்டவணைகளில் புதுச்சேரி அடிக்கடி பஞ்சாப், தெலங்கானா போன்ற பெரிய மாநிலங்களோடு மேல்வரிசையில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே உரம் கொட்டிக்கிடக்கிறது என்று எழுதுகிறார்கள். வில்லியனூரிலிருந்து மதகடிப்பட்டுக்குப் பேருந்தில் போய்ப் பார்க்கட்டும். நடுவில் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சியில் வாய்த்த எல்லை அப்படியே திட்டுத் திட்டாக விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் பின்னிக் கிடக்கிறது. அட்டவணையில் நுகர்வு என்று எழுதப்படுவது வயலில் விழுந்த உரம் அல்ல, கடையில் விற்ற உரம். மேலே இருக்கும் எண் புதுச்சேரிக் கடைகளின் விற்பனை. கீழே வகுக்கும் எண் புதுச்சேரியின் சாகுபடிப் பரப்பு. பக்கத்து ஊர்க்காரர் சாலையைக் கடந்து இங்கே இரண்டு மூட்டை வாங்கிப்போனாலும் அது புதுச்சேரி மண்ணில் விழுந்ததாகவே கணக்கு. எதிர்த்திசையிலும் அப்படித்தான். இவ்வளவு சிறிய பரப்பில் அந்தப் பிழை கரைந்துபோக இடமே இல்லை. எனவே அந்த அட்டவணையை இந்த வழக்கில் நான் சாட்சியாக ஏற்கவில்லை.

இது வெறும் கணக்கு நுணுக்கம் என்று தள்ளமுடியாது. 2023-இல் ஒப்புதல் பெற்ற பிரணாம் திட்டம், முந்தைய மூன்றாண்டு சராசரியைவிட ரசாயன உர நுகர்வைக் குறைக்கும் மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும், மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தருவதாகச் சொல்கிறது. கடை விற்பனையை வைத்து அளந்தால், புதுச்சேரி ஒரு துளி உரம்கூடக் குறைக்காமல் பரிசு வாங்கலாம். உண்மையிலேயே குறைத்துவிட்டு வாங்காமலும் போகலாம்.

விலை மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் கூலியை மறந்துவிடுகிறார்கள். தழைச்சத்தை மூன்று, நான்கு முறையாகப் பிரித்துப் போடவேண்டும். இலை வண்ண அட்டையை இலையோடு வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் போடு என்கிறது பல்கலைக்கழகம். தண்ணீர் நிற்கும் நெல் வயலில் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு; மீதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. பிரித்துப் போட்டால் அந்த இழப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளின் ஒரு நாள் கூலி ஒரு யூரியா மூட்டையைவிட அதிகம். உரம் மலிவு, ஆள் கிராக்கி என்ற நிலையில் நான்கு தடவையில் போடவேண்டியதை இரண்டே தடவையில், கொஞ்சம் கூட்டியே வீசிவிடுவதுதான் லாபம். அரசு மூட்டைக்கு மானியம் தருகிறது. அதைச் சரியாகப் போடும் உழைப்புக்குத் தருவதில்லை.

மழையும் அப்படியே. இங்கே சம்பாப் பயிர் வளரும் மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளமும் சேர்ந்துகொண்டது. அதற்கு ஒரு வாரம் முன் மேலுரம் போட்டவருடைய சத்து எங்கே போயிருக்கும்? தண்ணீர் வடிந்ததும் பயிரைத் தேற்ற அவர் மறுபடியும் யூரியாவைத்தான் தேடுவார். அந்த ஒரு மூட்டை மலிவாகக் கிடைப்பது அவருக்குப் பயிர்க் காப்பீட்டைவிடக் கைக்கு எட்டும் பாதுகாப்பு. மானியத்தை எதிர்ப்பவர்களின் எழுத்துகளில் இந்த நியாயத்துக்கு இடமே இருப்பதில்லை. அதனாலேயே அவர்களுடைய முடிவுகள் ஈரமற்றவையாகத் தோன்றுகின்றன.

சரி, மலிவு மூட்டைக்குப் பதில் பணமாகக் கொடுத்தால்? புதுச்சேரியில் இதற்கு ஒரு முன்னோட்டமே நடந்துகொண்டிருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. இங்கே நெல் சாகுபடிக்குப் புதுச்சேரி அரசு ஏக்கர் கணக்கில் உற்பத்தி மானியம் தருகிறது. உழவர் உதவியகத்தில் பதிந்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். எத்தனை மூட்டை யூரியா போட்டாலும், ஒன்றுகூடப் போடாவிட்டாலும் தொகை மாறாது. பொருளாதார நோக்கில் இது நல்ல மானியம்: எந்தச் சத்தின் பக்கமும் விவசாயியைச் சாய்ப்பதில்லை. பொட்டாஷ் வாங்கலாம், எரு வாங்கலாம், களை எடுக்க ஆள் விடலாம்.

ஆனால் இது யூரியா மானியத்தின் சாய்வை நிமிர்த்தியிருக்கிறதா? இல்லை என்பதே என் மதிப்பீடு. பணம் பெரும்பாலும் பருவம் முடிந்து, சில சமயம் அடுத்த பருவமும் தொடங்கியபின் வருகிறது. அடியுரம் வாங்கவேண்டிய நாளில் கையில் இல்லாத பணத்தால் அடியுரத்தை மாற்றமுடியாது. அந்த நாளில் விவசாயி கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்குகிறார். கடன் தருகிறவர் சொல்வதைக் கேட்டாகவேண்டும். யூரியாவோடு சேர்த்து ஏதாவது ஒரு நுண்ணூட்டப் பாட்டிலையும் தலையில் கட்டினால் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். உரம் விற்றுவந்த அரசு நிறுவனமான பாசிக், ஊழியர்களுக்குச் சம்பளமே தரமுடியாத நிலைக்குப் போனபிறகு தனியார் கடையின் பிடி இன்னும் இறுகியது.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. பணம் நிலக் காகிதம் வைத்திருப்பவரைத் தேடிப்போகிறது. நகரம் நாலாபக்கமும் விரிந்து, நிலத்துக்காரர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்ட இந்தப் பகுதியில் உழுகிறவர் பலர் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசின் கிசான் திட்டமும் நிலத்துக்காரரையே சேர்க்கிறது. மலிவு யூரியாவுக்கு இருக்கும் ஒரு பெரிய நியாயம் இதுதான்: கடையில் கருவியில் விரல் வைத்தால் போதும், பட்டா யார் பேரில் என்று கேட்பதில்லை. மானியத்தைப் பணமாக மாற்று என்று எழுதும் கட்டுரைகளில் குத்தகைக்காரர் ஒரு வரியில் வந்துபோவார். வயலில் அவர்தான் நிற்கிறார்.

பணத்தின் மேல் புதுச்சேரி மக்களுக்கு இருக்கும் அவநம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போடும் சோதனை தொடங்கிய ஒன்றியப் பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. பிறகு மாநில அரசின் இலவச அரிசியும் பணமானது, ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. கடையில் அரிசி விலை ஏறியது, கணக்கில் விழும் தொகை அதோடு ஏறவில்லை. ஆண்டுக்கணக்கில் மக்கள், முக்கியமாகப் பெண்கள், அரிசியே வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. இந்த அனுபவம் உள்ளவரிடம் போய் யூரியா மூட்டையை 2,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைக் கணக்கில் போடுகிறோம் என்றால் எப்படி நம்புவார்? விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று சட்டத்தில் எழுதப்படாத தொகையை நம்பவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இலங்கை இரண்டையும் செய்து பார்த்தது. 1962-இல் தொடங்கிய உர மானியம் 2005-க்குப் பிறகு 50 கிலோ மூட்டை 350 ரூபாய் என்ற அளவுக்கு மலிவானது. 2016-இல் நெல் விவசாயிகளுக்கு அதைப் பணமாக மாற்றினார்கள்; இரண்டே ஆண்டில் மறுபடியும் மலிவு மூட்டைக்குத் திரும்பினார்கள். 2021-இல் ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதியையே தடைசெய்தார்கள். அந்த நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டும் பயனில்லை. 2021-22 பெரும்போக நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. நெல் இறைத்த கைகள் அரிசிக்கு வரிசையில் நின்றன. உரம் கூடிவிட்டது என்ற நோய்க்கணிப்பு சரியாக இருந்தாலும், மருந்தை எந்த வேகத்தில் கொடுப்பது என்பது தனிக் கேள்வி என்பதை அந்தப் பருவம் காட்டிவிட்டது. கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் விவசாயிகள்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சான்று, சுருக்கமாக. மலாவியில் மானியச் சீட்டுகளுக்குக் கிடைத்த உரம் ஒவ்வொரு கிலோவுக்கும், விவசாயிகள் சந்தையில் தாமே வாங்கியிருக்கக்கூடிய உரத்தில் 220 கிராம் குறைந்தது என்று 2011-இல் ரிக்கர்-கில்பர்ட் குழுவினர் கணித்தார்கள். உரமே அரிதாக இருந்த நாட்டில் மானியம் மொத்த உபயோகத்தைக் கூட்டத்தான் செய்தது, கொடுத்த அளவுக்கு அல்ல. ஏற்கெனவே எல்லாக் காணியிலும் உரம் விழும் பாகூரில் மானியத்தின் வேலை வேறு. அங்கே சரியான கருவி இங்கே சரியாகாது.

தீர்ப்புக்கு வருகிறேன். மானியம் உர உபயோகத்தைத் தொடங்கிவைத்தது என்ற பழைய நியாயம் புதுச்சேரி வயல்களில் வெகுநாள் முன்பே நிறைவேறிவிட்டது; அதை இன்னும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. மானியமே மண்ணைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டும் முழுமையாக நிரூபணமாகவில்லை. நிரூபணமானது ஒன்று: யூரியாவுக்கு ஒரு விதி, மற்றவற்றுக்கு ஒரு விதி என்று மூன்று பத்தாண்டுகளாக நீடிக்கும் இந்தச் சாய்வு விவசாயியைத் தவறான விகிதத்துக்குத் தள்ளுகிறது. 1992-இலும் 2010-இலும் ஒரே பாடத்தை இரண்டு முறை படித்தபிறகும் யூரியாவைத் தொட எந்த ஆட்சிக்கும் துணிவு வரவில்லை. நான் யூரியா விலையை ஏற்றவேண்டும் என்ற பக்கம்தான். அதேசமயம் மூன்று நிபந்தனைகள் இல்லாமல் ஏற்றுவதை எதிர்ப்பேன்.

விலை ஒரே நாளில் பாயக்கூடாது; ஆண்டுக்கு ஒரு சிறு படி, அதில் மிச்சமாகும் பணம் அதே ஆண்டில் பொட்டாஷ், மணிச்சத்து உரங்களின் விலையைக் குறைக்கப் போகவேண்டும். மூட்டைகளின் மொத்தச் செலவு காணிக்கு ஏறாமல், விகிதம் மட்டும் திரும்பவேண்டும். இதை டில்லிதான் செய்யமுடியும். புதுச்சேரி மட்டும் தனியாக யூரியா விலையைத் தொட்டால் மூட்டை கண்டமங்கலத்தில் ஏறி இங்கே இறங்கும்.

புதுச்சேரி தன்னளவில் செய்யக்கூடியது உற்பத்தி மானியத்தின் தேதியை மாற்றுவது. சம்பாவுக்கான தொகை நாற்று விடும் முன் ஆகஸ்டில் வந்துவிட்டால், அது முதல் முறையாக உரம் வாங்கும் பணமாகும். அறுவடைக்குப் பின் வரும் தொகை எவ்வளவு பெரிதானாலும் அது கடனை அடைக்கும் பணம்தான். ஏக்கருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறோம் என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அறிவிப்பதைவிட, அதே தொகையை ஐந்து மாதம் முன்னால் தருவது உர உபயோகத்தை அதிகம் மாற்றும்.

குத்தகைக்காரரைச் சேர்ப்பதுதான் கடினமானது. அதனாலேயே அதைக் கடைசியில் வைத்தேன், முக்கியம் குறைந்தது என்பதால் அல்ல. நிலத்துக்காரர் பேர் வேண்டாம். எந்தக் காணியில் யார் நட்டிருக்கிறார் என்று பருவத்துக்கு ஒருமுறை உழவர் உதவியகம் வயலில் வந்து பதியட்டும். ஐந்து கொம்யூன்களே உள்ள சிறு பகுதியில் இதற்கு ஆள் போதாது என்று சொல்லமுடியாது. நடவு முடிந்த வயலில் நிற்பவர் யார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் கொடுத்தால் குத்தகை உரிமை கேட்டுவிடுவாரோ என்று நிலத்துக்காரர்கள் அஞ்சுவார்கள். அந்தப் பதிவு மானியத்துக்கு மட்டுமே, நில உரிமைக்குச் சான்றாகாது என்று சட்டமன்றம் ஒரு விதி செய்யவேண்டும். அந்தப் பதிவேடு கையில் வந்தால்தான், குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தின் மண் பரிசோதனை முடிவும் உழுகிறவர் கைக்குப் போய்ச் சேரும். இன்று அது பட்டாக்காரர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. டில்லி யூரியா விலையைத் தொடும் நாள் எப்போது வந்தாலும், பாகூரில் குத்தகைக்கு உழுகிறவர் அதைத் தாங்குவாரா மாட்டாரா என்பதை அந்தப் பதிவேட்டில் அவர் பேர் இருக்கிறதா என்பதே சொல்லும்.